இயல்பும் கடமையும்: பெண்ணின் உழைப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சமூக வாழ்வின் அன்றாட ஒழுங்குகள் பல, காரணம் வினவப்படாமலே நிலைபெற்றுவிடுகின்றன. வீட்டிலே சமைப்பவர் யார், குழந்தை நோயுற்றால் வேலைக்குப் போகாது நிற்பவர் யார், உழைத்துப் பெற்ற சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் என்னும் வினாக்களுக்குரிய விடைகளை எவரும் எழுதிவைக்கவில்லை; ஆயினும் அவை எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. இவ்விடைகளுக்கு ஆதாரம் கேட்கப்படும்பொழுது இரு சொற்கள் முன்வைக்கப்படுவது வழக்கம். ஒன்று 'இயல்பு', மற்றையது 'கடமை'. பெண் வீட்டுக்காக உழைப்பது அவளது இயல்பு என்பர். அவள் அவ்வாறு உழைக்கத் தயங்கினால், அது அவளது கடமை என்பர். இவ்விரு சொற்களும் ஒருங்கே பொருந்துவனவா, இவற்றின் பெயரால் பெண்ணின் உழைப்புக்குரிய நீதி மறுக்கப்படுகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சி வெறுஞ் சொல்லாய்வாக முடிந்துவிடாதிருக்கும் பொருட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே உழைக்கும் பெண்களின் நிலை பிரதான உதாரணமாகக் கொள்ளப்படுகின்றது.

கூலி விகிதத்தில் ஒரு வேறுபாடு

1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையொட்டி இலங்கைத் தோட்டங்களுக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. உயர்நிலத் தோட்டங்களிலே ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் எனப் பட்டியல் அமைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு பதினொரு சதம். தொகை சிறிது, ஆனால் அத்தொகைக்குப் பின்னால் நின்ற எண்ணம் சிறிதன்று. எந்த நியாயத்தின் அடிப்படையில் அப்பதினொரு சதம் குறைக்கப்பட்டது என்பது சிந்தனைக்குரிய வினாவாகும்.

உடல் வலிமையே காரணம் எனக் கூறப்படலாம். ஆயின், வலிமைதான் அளவுகோலென்றால் வலிமை குன்றிய ஆணுக்குக் குறைவாகவும் வலிமை மிக்க பெண்ணுக்குக் கூடுதலாகவும் கொடுத்திருத்தல் வேண்டும். பட்டியல் வலிமையைக் கேட்கவில்லை, பாலைக் கேட்டது. ஆண் குடும்பத்தைத் தாங்குபவன், பெண்ணின் கூலி அதற்கு ஒரு துணை மாத்திரமே என்பது இரண்டாவது விளக்கம். இதுவும் நிலைக்கவில்லை. ஏனெனில், எவரையும் தாங்காத மணமாகாத இளைஞன் 54 சதம் பெற்றான். பிள்ளைகளைத் தனியே தாங்கிய கைம்பெண் 43 சதமே பெற்றாள். தேவையும் அளவுகோலன்று என்பது இதனாற் பெறப்படும். பெண் செய்யும் வேலை இலகுவானது என்பது மூன்றாவது விளக்கம். தேயிலைத் தொழிலின் அச்சாணியே கொழுந்து பறித்தலாகும். அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தனர். அவர்களுடைய விரல்களின் லாவகம் அவ்வேலைக்கு அவர்களைத் தெரிவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் கூலி நிர்ணயத்தின்போது அந்த லாவகம் திறமையாகக் கணிக்கப்படவில்லை. பிறப்போடு வந்த ஒன்றாகவே கொள்ளப்பட்டது. பிறப்போடு வந்ததற்கு விலை கொடுப்பானேன் என்பதே இதன் உட்பொருள்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுண்மை மனங்கொளத்தக்கது. கோப்பிச் செய்கை நிலவிய காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து சென்ற தொழிலாளருட் பெரும்பாலானோர் ஆண்கள். அறுவடைக் காலத்தில் வந்து, அது முடியத் திரும்பும் பருவகால உழைப்பாக அது அமைந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டதன் பின்னர், படிப்படியாகத் தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும்; ஆகவே நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளர் வேண்டப்பட்டனர். குடும்பங்கள் வந்தன, பெண்கள் மலையேறினர். இன்று 'பெண்களின் இயல்புக்கு ஏற்ற வேலை' எனக் கருதப்படுவது ஒரு பயிரின் தேவையாலும் ஒரு முதலீட்டின் தேவையாலும் உருவான வேலைப் பிரிவினையே என்பது இதனால் தெளிவாகும்.

சமகூலியும் சமமற்ற நாளும்

தோட்டத்துறையில் ஆண், பெண் இருபாலாருக்கும் சமமான நாட்கூலி 1984இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் கண்ணுக்குப் பதினொரு சதத்தின் கதை அத்துடன் முடிந்தது எனலாம். எனினும், கூலி சமமாகியபோது நாள் சமமாகவில்லை.

தோட்டப் பெண்ணின் நாள் விடியுமுன்னரே தொடங்குகின்றது. பீலியிலே தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைத்து, பிரட்டுக்கு அவள் நேரத்தோடு சென்றாக வேண்டும். பின்னர் கூடையைச் சுமந்து, மழையாயினும் பனியாயினும் மலைச்சரிவிலே நிற்றல் வேண்டும். கொழுந்து குறித்த நிறையை எட்டாதுவிடின் முழுப் பெயர் கிடையாது. அரைப் பெயரே கிடைக்கும். மாலை நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் மீண்டும் அடுப்பு. ஆண்கள் செய்யும் கவ்வாத்து முதலிய வேலைகளோ பெரும்பாலும் குறித்த அளவு முடிந்ததும் நிறைவுறுவன. பிற்பகலிலேயே ஓய்வு பெறும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. ஒரே கூலிக்கு இருவர் தரும் நேரம் ஒன்றன்று. அதற்கு மேலாக, காலையிலும் மாலையிலும் பெண் தரும் நேரம் எந்தப் பெயர்ப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை.

வேறிரு செய்திகளும் இங்கு குறிப்பிடற்பாலன. பெண்ணின் சம்பளத்தை அவளது கணவனோ தந்தையோ சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களிலே நெடுங்காலம் நிலவியது. பெண்கள் பறிக்கும் மலைகளில் அவர்களை மேற்பார்வை செய்த கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆண்களாகவே இருந்தனர். உழைப்பவள் பெண், உழைப்பை அளப்பவனும் அதன் பயனைக் கையேற்பவனும் ஆண். துரைமாரின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடிய தொழிலாளியும் தன் லயத்து அறைக்குள்ளே ஒரு சிறு ஆதிக்கத்தைப் பேணினான் என்பது கசப்பான உண்மையே. வர்க்க ஒடுக்குமுறை பற்றிய அறிவு, பால் ஒடுக்குமுறை பற்றிய அறிவைத் தானாகவே தந்துவிடுவதில்லை.

'இயல்பு' என்னும் வாதம்

பெண்ணின் பணியை இயல்பின் மீது நிறுத்தும் வாதம் மிகப் பழமையானது. பெண்ணுக்குச் சிந்தித்துத் தெளியும் ஆற்றல் உண்டு, ஆனால் அவ்வாற்றலுக்கு அதிகாரம் இல்லை என அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலிற் கருதினார். தமிழ் மரபும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கு குணங்களைப் பெண்ணுக்கு உரியனவாக வகுத்தது. இவ்வாதத்துக்குத் தக்க மறுமொழியை ஜோன் ஸ்ருவார்ட் மில் 1869இல் வெளியான 'பெண்களின் அடிமைநிலை' என்னும் நூலிலே தந்தார். பெண்ணின் இயல்பு என இன்று காணப்படுவது செயற்கையாக ஆக்கப்பட்ட ஒன்று என்பதும், இயல்பாகவே ஒருவராற் செய்ய இயலாததை அவருக்குத் தடை செய்ய வேண்டிய தேவையில்லை என்பதும் அவர் கருத்துக்களாகும். நீரை நோக்கி 'மேலே ஏறாதே' என எவரும் சட்டம் இயற்றுவதில்லை. நாணம் பெண்ணின் இயல்பாயின், அதனைச் சிறு வயது முதலே கற்பிப்பதும், கற்க மறுப்பவளைக் கண்டிப்பதும் எதற்காக என்னும் வினா எழுகின்றது.

கருவுறுதலும் ஈன்றெடுத்தலும் பாலூட்டலும் இயற்கையின்பாற்பட்டவை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், ஈன்றவளே துணி துவைத்தல் வேண்டும், ஈன்றவளே சோறாக்கல் வேண்டும் என்பது இயற்கை வகுத்த விதியன்று. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. கலியாண வீடுகளிலும் கோயில் மடைப்பள்ளியிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் சமைப்போர் பெரும்பாலும் ஆண்கள். கூலிக்குத் துணி வெளுத்தோரிலும் உடை தைத்தோரிலும் ஆண்கள் பலர். அதே சமையல் ஊதியத்துக்குச் செய்யப்படும்போது ஆணின் தொழிலாகின்றது. ஊதியமின்றிச் செய்யப்படும்போது பெண்ணின் இயல்பாகின்றது. ஆகவே இங்கே வேறுபடுவது கைகளின் இயற்கையன்று. கைக்கு வரும் காசு.

பொருளியலறிஞர் பிகூ 1920இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். ஒருவன் தன் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகின்றது. அவள் முன்னர் செய்த அதே வேலையைத்தான் இப்பொழுதும் செய்கின்றாள். ஆனால் சம்பளம் நின்றுவிட்டமையால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றது. கணக்கில் மறைந்தது காலப்போக்கிற் கருத்திலும் மறைகின்றது. 'என் மனைவி வேலை செய்வதில்லை. வீட்டில் சும்மா இருக்கின்றாள்' என்று ஒருவர் சிறிதும் கூச்சமின்றிக் கூற முடிவது இதனாலேயே.

'கடமை' என்னும் வாதம்

இயல்பு என்னும் வாதம் தளரும்போது கடமை என்னும் வாதம் முன்வருகின்றது. இவ்விரண்டும் தம்முள் முரண்படுவன என்பதை முதலிற் கவனித்தல் வேண்டும். இயல்பாகவே நிகழ்வது எவருக்கும் கடமையாகாது. மூச்சு விடுதல் கடமையன்று. கடமை என்று ஒன்றைக் கூறும்போதே, அதனைச் செய்யாதுவிடவும் ஒருவரால் இயலும் என்பதும், அவர் தெரிவு செய்யும் ஆற்றலுடையவர் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகின்றன. பெண்ணைத் தெரிவுரிமையுடையவளாகக் கொள்ளாத சமூகம் அவளுக்குக் கடமை வகுப்பது பொருந்தாது.

மேலும், ஒழுக்க விதி எல்லோருக்கும் பொதுவாக அமைதல் வேண்டும் என்பது கான்ற் முதலான மெய்யியலாளர் வற்புறுத்திய நியதியாகும். குழந்தையைப் பேணுதல் அறமாயின் அது தாய்க்கு மாத்திரம் அறமாவது எவ்வாறு? நோயுற்ற பெற்றோரைப் பார்த்தல் கடமையாயின், மகனின் கடமையை மருமகள் நிறைவேற்ற, அதற்குரிய நற்பெயர் மகனைச் சேர்வது எவ்வாறு? ஒரு பாலாருக்கே விதிக்கப்பட்டு மறு பாலாருக்கு விலக்களிக்கப்படும் விதியை அறம் எனக் கூறுவதிலும் ஏற்பாடு எனக் கூறுவதே பொருத்தமாகும். அந்த ஏற்பாட்டினால் நன்மை பெறுவோரே அதற்கு அறம் என்னும் பெயரைச் சூட்டியுள்ளனர்.

இப்பெயர் சூட்டலுக்குத் துணைபுரிவது பாராட்டு. பெண் பொறுமையின் வடிவம், தியாகத்தின் உருவம், வீட்டின் விளக்கு என மேடைகளிலும் பாடநூல்களிலும் போற்றப்படுகின்றாள். பாராட்டு தன்னளவிற் குற்றமுடையதன்று. ஆனால் கொடுக்க வேண்டிய கடனைக் கொடாது, கடன் தந்தவரின் பெருந்தன்மையைப் புகழ்ந்துகொண்டிருப்பவனை எவரும் நேர்மையாளன் எனக் கருதார். நீதி வழங்கப்பட வேண்டிய இடத்திலே புகழ் வழங்கப்படுமாயின், அப்புகழ் மறுப்பின் ஒரு வடிவமேயாகும்.

மூன்று மறுப்புகள்

மேற்கூறிய கருத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளுள் மூன்று வலிமையுடையன.

குடும்பம் அன்பின் இடம். அங்கே உரிமைக் கணக்குப் பார்த்தல் தகாது என்பது முதலாவது. அன்புள்ள இடத்திற் கணக்கு வேண்டாம் என்பது அழகிய கருத்தே. ஆனால், கணக்குப் பாராமை இருபக்கத்திலும் இருத்தல் வேண்டும். ஒருவர் கணக்குப் பாராது கொடுக்க, மற்றவர் கணக்குப் பாராது பெறுவது அன்பின் இலக்கணமன்று. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' என்னும் நூலிலே, நீதியின் விதிகளைத் தெரிவோரைக் குடும்பத் தலைவர்களாக எண்ணிக்கொண்டார். குடும்பத்துக்குள்ளே நிலவும் வேலைப் பங்கீடு நீதியானதா என்னும் வினாவை இது விடுத்துவிட்டது எனச் சூசன் மொலர் ஓகின் 1989இல் விமர்சித்தார். பிள்ளைகள் நீதியுணர்வை முதன்முதலிற் கற்பது வீட்டிலேயாயின், நீதியற்ற வீடு எதனைக் கற்பிக்கும் என்னும் வினா அவரது விமர்சனத்தின் உயிர்நாடியாகும். தங்கை கோப்பை கழுவ, அண்ணன் விளையாடச் செல்லும் வீட்டிலே இருவரும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர்.

பெண்களே இதனை விரும்பி ஏற்றுக்கொள்கின்றனர் என்பது இரண்டாவது மறுப்பு. மாமியாரே மருமகளைக் கட்டுப்படுத்துகின்றாள், தாயே மகளை அடக்கி வளர்க்கின்றாள் என்பதும் இதனோடு சேர்த்துக் கூறப்படும். இவை உண்மைகளே. ஆயின், நெடுங்காலம் இழப்புக்குள் வாழ்ந்தோர் தம் விருப்பங்களையும் அவ்விழப்பின் அளவுக்கே சுருக்கிக்கொள்வர் என்பதை அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். முறையிடாமை குறையில்லாமைக்குச் சான்றாகாது. வேறொரு வழியை அறியவும் அதனைத் தெரியவும், தெரிந்தபின் பழிச்சொல் கேளாது வாழவும் வாய்ப்புள்ளபோதே ஏற்பு உண்மையான ஏற்பாகும். மாமியாரின் கடுமையும் இத்தகையதே. வீட்டுக்குள்ளன்றி வேறெங்கும் அதிகாரம் கிட்டாத ஒருவர் தமக்குக் கிட்டிய ஒரே அதிகாரத்தை இறுகப் பற்றிக்கொள்வது வியப்பன்று.

கல்வி பரவியமையால் இந்நிலை மாறிவிட்டது என்பது மூன்றாவது மறுப்பு. 1931இல் சர்வசன வாக்குரிமையும் 1945இல் இலவசக் கல்வியும் இந்நாட்டுப் பெண்களுக்குத் திறந்த கதவுகள் பெரியன என்பதில் ஐயமில்லை. பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக உள்ளனர். ஆனால், உழைக்கும் வயதினரான பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே உழைப்புச் சந்தையிற் பங்குகொள்கின்றனர். பட்டம் பெற்றவளுக்கும் மணப் பேச்சின்போது முதலிற் கூறப்படுவது 'வேலைக்குப் போவதில் ஆட்சேபமில்லை, ஆனால் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பதே. மணமகனிடம் இத்தகைய 'ஆனால்' எதுவும் வைக்கப்படுவதில்லை. கல்வி பெண்ணுக்கு இரண்டாவது வேலையைக் கொடுத்திருக்கின்றது. முதலாவது வேலையை எவரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

சட்டமும் தாய்மையும்

மரபு தரும் நெறி சிலவிடங்களிற் சட்டத்தினாலும் உறுதிப்படுத்தப்படுகின்றது. தேசவழமையின்படி தாய்வழிச் சொத்துச் சீதனமாக மகளைச் சேர்ந்தது. இது பெண்ணுக்குப் பொருளுரிமை தந்த வழமை எனப் பெருமையோடு கூறப்படுவதுண்டு. ஆனால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. கணவன் தன் சொத்தை விற்பதற்கு மனைவியின் சம்மதம் அவ்வாறு வேண்டப்படவில்லை. காணியைச் சுமந்து வருவதற்குத் தகுதியுடையவளாகக் கொள்ளப்பட்டவள், அதனைப் பற்றித் தீர்மானிப்பதற்குத் தகுதியுடையவளாகக் கொள்ளப்படவில்லை.

இதனினும் தெளிவான உதாரணம் அண்மைக்காலத்தது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற இலங்கைப் பெண்கள் அனுப்பிய பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கிய தூண்களுள் ஒன்று. 1990களில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோருட் பெண்களே பெரும்பான்மையினர். 2013இல் அரசு 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்னும் நிபந்தனையை விதித்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையையுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. அதே வயதுப் பிள்ளையை விட்டுச் சென்ற தந்தையிடம் இத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. தாயின்றி வளரும் பிள்ளைகளின் துன்பம் பொய்யன்று. அதனைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆயினும் அக்கவலை தந்தையின் கடமையை ஏன் வினவவில்லை என்பதே கேள்வி. பின்னர், நாடு செலாவணி நெருக்கடியில் மூழ்கிய 2022இல் இந்நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. 2013இல் தாய்மையின் மாற்றமுடியாத கடமையாகக் கொள்ளப்பட்டது, 2022இல் டொலரின் தேவைக்கு வழிவிட்டது. உண்மையான அறநெறி இவ்வாறு செலாவணி வீதத்தோடு ஏறி இறங்குவதில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தபோது பெண்ணின் இயல்பு மாற்றி எழுதப்பட்டது போலவே, டொலர் அருகியபோது அவளது கடமையும் மாற்றி எழுதப்பட்டது. இரு தடவையும் அவளது விருப்பம் கேட்கப்படவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் வீட்டுப் பணியும் பராமரிப்பும் இழிவானவை என்றோ, பெண் அவற்றை உதறிவிடல் வேண்டும் என்றோ கொள்ளுதல் தவறாகும். பசித்தவருக்கு உணவளித்தலும் நோயுற்றவரைப் பேணுதலும் மனித வாழ்வின் உயர்ந்த அறங்கள். அவை உயர்ந்த அறங்களாக இருப்பதனாலேயே அவற்றிலிருந்து ஆணுக்கு விலக்களித்தல் கூடாது. விலக்கப்பட்ட ஆணும் ஓர் இழப்புக்கு உள்ளாகின்றான். தன் குழந்தை முதன்முதல் நடந்த நாளையும் தன் தாயின் இறுதி இரவுகளையும் அவன் பிறர் சொல்லிக் கேட்டறிபவனாகின்றான்.

ஆகவே வேண்டப்படுவன இரண்டு. ஊதியம் பெறும் உழைப்பிலே, ஒரே கூலிக்கு ஒரே நேரம் என்னும் அளவும், மேற்பார்வையிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் பெண்ணுக்குரிய இடமும் உறுதிப்படல் வேண்டும். ஊதியம் பெறாத உழைப்பிலே, அது உழைப்பு என்னும் ஒப்புதலும், அதனை இருபாலாரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் உருவாதல் வேண்டும். முன்னையது சட்டத்தாலும் போராட்டத்தாலும் கைகூடக்கூடியது. பின்னையது ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் தீர்மானிக்கப்பட வேண்டியது. சமத்துவம் பற்றிக் கட்டுரை வாசித்து விவாதிக்கும் பல்கலைக்கழகத்தவரின் வீடுகளும் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. 1984இல் அந்தப் பதினொரு சதம் கூலிப் பட்டியலிலிருந்து நீங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. அடுப்படியிலிருந்து அது நீங்குவதற்கு எந்த அரசாங்கத்தின் வர்த்தமானியும் தேவையில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே எழுந்து கழுவும் மகன் ஒவ்வொரு வீட்டிலும் தேவை.